தாழிக்குள் இருந்தவர் யார்?

தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் முதியவர்களிடம் முதுமக்கள் தாழியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கும். முன்னொரு காலத்தில் மனிதருக்குச் சாவு எளிதில் வருவதில்லையாம். நூறு, இருநூறு என்று வயது ஏற ஏற உடல் மட்டும் சுருங்கிக்கொண்டே போகுமாம். நடக்க முடியாமல், பேச முடியாமல், கடைசியில் விளக்கு மாடத்தில் உட்காரவைக்கும் அளவுக்குச் சிறுத்துவிடுவார்களாம். அதற்குமேல் வைத்துக் காப்பாற்ற வழியறியாத பிள்ளைகள் பெரிய தாழி ஒன்றை வனையச் செய்து, அதற்குள் அவர்களை உட்காரவைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் உடன்வைத்து, மூடியிட்டு மண்ணுக்குள் இறக்கிவிடுவார்களாம். 'மதமதக்கத் தாழி' என்ற பெயரும் இதற்கு உண்டு. கிணறு தோண்டும்போதும் வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போதும் கடப்பாரை முனையில் 'டொம்' என்று ஓசை எழுந்தால், வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே எலும்பு இருக்கும். அக்கம்பக்கத்தில் கிண்ணங்களும் குடுவைகளும் இருக்கும். கதை உண்மையாயிற்றே என்று ஊர் பேசும்.

பாட்டி சொல்லும் கதை என்று புன்னகைத்து நகர்ந்துவிடக்கூடிய செய்திதான். ஆனால் நான் பணியாற்றிய ஒரு பங்கில், நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்த ஒரு பெரியவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில், உறவினர் ஒருவர் சொன்ன சொல் என்னை நிறுத்தியது. "அந்தக் காலத்து ஆட்கள் விவரமானவங்க சாமி. படுத்துட்டா தாழியிலே வச்சு மூடிட்டுப் போயிருவாங்க. நாமதான் கிடந்து அல்லாடுறோம்." அவர் பொல்லாதவர் அல்லர், பெரியவருக்கு நாலாண்டு உடல் துடைத்துவிட்டவரே அவர்தான். களைப்பில் வந்த பேச்சு அது. எனினும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி, முதியவர்களை முடித்துவிடும் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம் விருதுநகர்ப் பகுதியில் இருப்பதாக 2010ஆம் ஆண்டில் செய்தித்தாள்கள் விரிவாக எழுதியதை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய மண்ணில், 'நம் முன்னோரே அப்படித்தான் செய்தார்கள்' என்ற கதை வெறும் கதையாக நிற்பதில்லை. மூத்தோர் மீது சுமத்தப்பட்ட ஒரு குற்றச்சாட்டாகவும், சில வேளை இன்றைய குற்றத்துக்கு ஒரு சாக்காகவும் அது ஆகிவிடுகிறது. ஆகவே, நம் முன்னோர் உயிருள்ள முதியோரைத் தாழிக்குள் வைத்தார்களா என்ற வினாவை, கதைக்கு வெளியே நின்று மண்ணிடமே கேட்டுப் பார்ப்பது முறை.

மண் பேசத் தொடங்கிய இடம் ஆதிச்சநல்லூர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில், ஊரார் 'பரம்பு' என்றழைக்கும் மேட்டு நிலம் அது; ஏறத்தாழ 114 ஏக்கர். பெர்லினிலிருந்து வந்த ஃபெடோர் யாகோர் என்பவர் 1876இல் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டுகளில் நம் அண்டைச் சபையைச் சேர்ந்த கால்டுவெல் ஐயரும் கொற்கையில் அகழ்ந்து தாழிகளைக் கண்டார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை பல பருவங்களாக ஆதிச்சநல்லூரை அகழ்ந்தார். தாழிகள் மட்டுமா? பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், எருமையும் ஆடும் பறவைகளும் உருவாக்கப்பட்ட மூடிகளையுடைய வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், வேல்கள், திரிசூலங்கள் ஆகியவை வெளிவந்தன. அவர் தொகுத்த பட்டியல் 1915இல் நூலாயிற்று. பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன.

ரீ எழுதிவைத்த குறிப்புகளுள் ஒன்றை நான் படிக்கும்போதெல்லாம் சற்று நிற்கிறேன். தாழியைச் சுற்றிக் கிடைத்த இரும்பு ஆயுதங்கள் எல்லாம் முனை கீழ்நோக்கி நின்றனவாம். அடக்கத்துக்கு வந்தவர்கள் தத்தம் கையிலிருந்த வேலையும் வாளையும் குழியோரத்து மண்ணில் குத்திவிட்டுச் சென்றது போன்ற நிலை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் துயரத்தோடு நின்ற ஒரு கூட்டத்தின் கையசைவு அப்படியே மண்ணில் தங்கியிருக்கிறது. கலங்களுக்குள் நெல் உமியும் தினை வகையின் உமியும் இருந்தன. துணியின் எச்சங்களும் இருந்தன. வேண்டாதவரை அப்புறப்படுத்தும் ஒரு குடும்பம் பொன்னையும் வெண்கலத்தையும் உடன்வைக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் இதை மட்டும் கொண்டு வழக்கை முடித்துவிட முடியாது. அன்போடு வழியனுப்பினார்கள், ஆனால் உயிரோடு வழியனுப்பினார்கள் என்றுதானே கதையும் சொல்கிறது!

எனவே எலும்புகளைப் பார்க்க வேண்டும்.

தாழியைக் கண்டவர் எவருக்கும் முதலில் எழும் ஐயம், இவ்வளவு குறுகிய வாயின் வழியே ஒரு முழு மனிதர் எப்படி உள்ளே போனார் என்பதுதான். இந்த ஐயத்துக்கு ஊர் கண்ட விடையே சுருங்கிப்போன கிழவர்கள். கலத்தின் வாய் சிறிது. ஆகவே உள்ளே போனவரும் சிறியவராகத்தான் இருக்க வேண்டும். கதையைக் கட்டியவர் மூடர் அல்லர். கண்ணால் கண்ட ஒரு புதிருக்குக் காரணம் தேடியவர். தொல்லியல் அதே புதிருக்கு வேறு இரு விடைகளைத் தருகிறது. ஆதிச்சநல்லூரில் சில பெருந்தாழிகளில் உடல் முழுவதையும் குந்தவைத்த நிலையில் அடக்கியிருந்தனர். ஒரு தாழியின் மேல் இன்னொரு தாழியைக் கவிழ்த்து மூடிய இரட்டைத் தாழிகளும் உண்டு. வேறு பல தாழிகளில் இருப்பதோ முழு உடல் அன்று. மண்டையோடும் கைகால் எலும்புகளும் சேகரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. இறந்தவரை முதலில் திறந்த வெளியிலோ மண்ணிலோ விட்டு, தசை நீங்கிய பின் எலும்புகளைப் பொறுக்கியெடுத்து முறைப்படி அடக்கம் செய்திருக்கிறார்கள். இதனை இரண்டாம் நிலை அடக்கம் என்று ஆய்வாளர் அழைப்பர். எலும்பாகத் தாழிக்குள் புகுந்தவர், அதற்கு மாதங்களுக்கு முன்பே இறந்தவர் என்பதில் ஐயமில்லை.

இவ்வழக்கம் நமக்கு அந்நியமாகத் தோன்றலாம். திருவிவிலியம் படிப்பவருக்கு அப்படித் தோன்றக்கூடாது. யோசேப்பின் எலும்புகளை மோசே எகிப்திலிருந்து எடுத்துச் சென்றதை விடுதலைப் பயண நூலும், அவை செக்கேமில் அடக்கம் செய்யப்பட்டதை யோசுவா நூலும் கூறுகின்றன. ஆண்டவர் இயேசுவின் காலத்து எருசலேமில், குகைக் கல்லறையில் கிடத்திய உடல் மக்கிய பின், உறவினர் மீண்டும் சென்று எலும்புகளைச் சிறு கற்பேழையில் சேர்ப்பது வழக்கம். 1990ஆம் ஆண்டில் எருசலேமின் தென்புறத்தில் தற்செயலாக ஒரு கல்லறை வெளிப்பட்டபோது, அழகிய வேலைப்பாடமைந்த எலும்புப் பேழை ஒன்றில் கயபாவின் குடும்பப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது; அதனுள் ஏறத்தாழ அறுபது வயது மதிக்கத்தக்க ஆண் ஒருவரின் எலும்புகளும் இருந்தன. நற்செய்தியில் நாம் படிக்கும் தலைமைக் குருவின் பேழைதான் அது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இவ்வளவு தொலைவு போவானேன்? இடம் குறுகிய நம் பழைய கல்லறைத் தோட்டங்களில், பல்லாண்டு கழித்து அதே குழியை மீண்டும் திறக்கும்போது, முன்பிருந்தவரின் எலும்புகளை ஒன்றுதிரட்டி ஓரமாகப் புதைத்துவிட்டுத்தானே அடுத்தவரை இறக்குகிறோம்? வெட்டியான் அதைச் செய்யும்போது தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் குந்தவைத்த முழு எலும்புக்கூடுகள் மட்டுமே கிடைத்திருந்தால் கதையை மறுப்பது கடினமாகவே இருந்திருக்கும். வழக்கைத் தீர்த்துவைப்பவர்கள் குழந்தைகள். கீழடியின் ஈமக்காடு எனக் கருதப்படும் கொந்தகையில் 2020ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் குழந்தைகளின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றின் நீளம் 75 செண்டிமீட்டர்தான். தாழிகள் நிறைந்த அதே காட்டில், அதே மக்களுடைய பிள்ளைகள். ஈமக்காடு முதியோருக்கு மட்டும் உரியதன்று. பாலகரும் இளைஞரும் நடுவயதினரும் அங்கே இருக்கிறார்கள். மூப்பால் சுருங்கியவருக்காகத் தாழி செய்யப்பட்டதென்றால், இன்னும் வளர்ந்தே முடியாத இவர்கள் ஈமக்காட்டுக்கு எப்படி வந்தார்கள்? காய்ச்சலும் பிள்ளைப்பேறும் பஞ்சமும் கொண்டுபோன அத்தனை வயதினரும் அங்கே உறங்குகிறார்கள் என்பதே நேரான விடை.

நம் இலக்கியமும் இதையே சொல்கிறது, வேறு திசையிலிருந்து. புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் என்னும் புலவர், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை இழந்த துயரில், குயவனை விளித்து, இவ்வளவு பெரிய புகழுடையவனுக்கு ஏற்ற தாழியை நீ எப்படி வனைவாய் என்று இரங்குகிறார். 256ஆம் பாட்டில் ஒரு பெண் குயவனிடம் வேண்டுகிறாள்: வழிப்பயணத்தில் கணவனை இழந்தவள், தாழியைச் சற்று அகலமாக வனைந்துவிடு, எனக்கும் அதில் இடம் வேண்டும் என்கிறாள். இந்த இரண்டு பாட்டுகளிலும் தாழிக்குரியவர் சுருங்கிப்போன கிழவர் அல்லர். ஒருவன் அரசன், மற்றவன் மனைவியோடு காட்டுவழி நடந்து வந்தவன். கவனிக்க வேண்டிய இன்னொன்று, அங்கே வரும் சொல் 'தாழி' என்பதுதான். 'முதுமக்கள்' என்ற அடைமொழி அப்பாட்டுகளில் இல்லை. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சுடுவோர், வெறுமனே இடுவோர், குழியில் புதைப்போர், தாழ்ந்த இடங்களில் அடைப்போர், தாழியால் கவிப்போர் என ஐந்து வகையினரைச் சுடுகாட்டில் காட்டுகிறது. ஐந்துமே இறந்தவருக்குச் செய்யும் கடன்கள். வழக்கம் மறைந்து, அதை அறிந்தவரும் மறைந்து, பெயர் மட்டும் எஞ்சி நின்றபோது, 'முதுமக்கள்' என்ற சொல்லுக்குப் பண்டை மக்கள் என்ற பொருள் போய், வயது முதிர்ந்தவர் என்ற பொருள் மேலோங்கியிருக்கிறது. பெயரிலிருந்தும் ஒரு கதை கிளைத்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதே மனப்போக்கை மலைகளிலும் காணலாம். பழனி மலையில் தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கங்களில் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையைக் கிடத்திய கற்திட்டைகள் பல உள்ளன. செண்பகனூர் திருஇருதயக் கல்லூரியைச் சேர்ந்த சேசுசபைக் குருக்கள் அங்லாட், நியூட்டன் ஆகிய இருவர் காடு மேடெல்லாம் நடந்து அவற்றை அளந்து, வரைந்து, படமெடுத்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை தன் நினைவேட்டு வரிசையில் 36ஆவதாக 1928இல் வெளியிட்டது. மறையுரைக்கும் ஒப்புரவுக்கும் நடுவே கல் அளக்கவும் நேரம் கண்டவர்கள். நம் இளங்குருக்களுள் எத்தனை பேர் இந்நூலின் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்பது எனக்கு ஐயமே.

கற்திட்டைகளைப் பற்றி மக்கள் சொல்வது என்ன? தமிழகத்தின் பல பகுதிகளில் அவை 'குள்ளர் வீடு', 'வாலியர் வீடு', 'பாண்டவர் வீடு'. நம் காலத்துக்கு முன் ஒரு முழ உயரமே உடைய மனிதர் வாழ்ந்தார்களாம். ஆனால் பத்து ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கல்லை ஒரே ஆளாகத் தூக்கும் வலிமை அவர்களுக்கு இருந்ததாம். பாருங்கள், தாழிக் கதையின் அதே கணக்கு! வாசல் சிறிது, ஆகவே குடியிருந்தவர் சிறியவர். கல் பெரிது, ஆகவே கட்டியவர் வலியவர். இந்த இரண்டையும் இணைக்க முடியாத இடத்தில் குள்ளர் பிறக்கிறார்கள். உண்மையில் அவை உயிரோடிருப்பவர் குடியிருந்த வீடுகளல்ல. பல கல்லறைகளில் பக்கக் கல்லில் வட்டமாகக் குடைந்த இடுதுளை ஒன்று இருக்கும். அதன் வழியே எலும்பும் படையலும் உள்ளே போயிருக்கலாம்; ஆவி வந்துபோகும் வழியாகவும் அதனைக் கருதியிருக்கலாம்.

மலபாரில் இத்தகைய குழிகளை முதன்முதலாக ஆராய்ந்து ஆங்கிலேயரான பாபிங்டன் எழுதிய கட்டுரை 1823இல் அச்சேறியது. அங்கே மக்கள் வழங்கிய 'பாண்டு குழி' என்ற பெயரையே அவரும் தலைப்பில் இட்டார். வனவாசம் போன பாண்டவர் தங்கிய இடங்கள் என்பது நம்பிக்கை. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணத் துறவியருக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளும் இப்படித்தான் 'பஞ்சபாண்டவர் படுக்கை' ஆயின. அவற்றின் அருகிலேயே தமிழ் பிராமி எழுத்தில் கொடையளித்தவர் பெயர் இருக்கிறது. எழுத்தைப் படிக்கும் திறமை ஊரைவிட்டுப் போனதும் இதிகாசம் வந்து இடத்தை நிரப்பிக்கொண்டது. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து நடுகற்கள் இன்னும் வியப்பானவை. நிரை மீட்டு இறந்தவன் பெயரும் ஊரும் அரசனின் ஆட்சியாண்டும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்க, அவன் 'வேடியப்பன்' என்ற தெய்வமாகி ஆண்டுதோறும் பொங்கல் பெற்றுக்கொண்டிருந்தான். செங்கம் வட்டாரத்து நடுகற்களின் எழுத்துகள் 1972இல் நூலாக வெளிவந்த பின்னரே, தெய்வத்தின் உள்ளிருந்த மனிதனின் பெயர் வெளியே வந்தது. இதனால் கும்பிடுபவர் எவரும் கும்பிடுவதை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று தொல்லியலும் கேட்கவில்லை.

கதைகளெல்லாம் பொய் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். தாழிக் கதையில் ஒரு பகுதி எழுத்துக்கு எழுத்து உண்மை, அது உணவு. பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள பொருந்தல் என்னும் ஊரில் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் நடந்த அகழாய்வில், ஒரு கல்லறையில் நான்கு கால்களையுடைய சாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்ற விடை வந்தது. அதே கல்லறையில் எழுத்துப் பொறித்த தாங்கி ஒன்றும் இருந்ததால், தமிழ் எழுத்தின் தொன்மையைப் பற்றிய பெரும் விவாதம் அங்கிருந்து கிளம்பியது. அறிஞருக்கு எழுத்தே பெரிதாகப் பட்டது. எனக்கோ நெல்லே பெரிதாகப் படுகிறது. இரண்டு கிலோ என்பது அடையாளத்துக்குத் தூவிய ஒரு பிடி நெல்லன்று. ஒரு வீட்டுக்குச் சில நாள் உணவு. பசித்த வாய்கள் இருந்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து இறந்தவருக்கென்று அதை அளந்து கொடுத்திருக்கிறார்கள். ஆதிச்சநல்லூருக்கு அருகே ஆற்றின் மறுபக்கமுள்ள சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021ஆம் ஆண்டு சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. ஆக, 'சோறு வைத்துப் புதைத்தார்கள்' என்று இன்றும் நம் பாட்டிமார் சொல்வது மூவாயிரம் ஆண்டு அறுபடாத நினைவு. உணவு வைத்ததை நினைவில் கொண்ட ஊர், அது யாருக்கு வைக்கப்பட்டது என்பதை மறந்தது. உண்பவர் உயிரோடிருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர் கருதினர். முன்னால் இருந்தவர்களோ, இறந்தவருக்கும் பசிக்கும் என்று நம்பினர். அந்த இடைவெளியில் முளைத்ததே உயிரோடு புதைத்த கதை.

இவ்வளவும் தெரிந்துகொள்ள நமக்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பது வருத்தத்துக்குரிய தனிக் கதை. ரீ போன பின் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு ஏறத்தாழ நூறாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்து, சிறிய பரப்பிலேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. பெண்ணும் கொக்கும் மானும் முதலையும் ஒட்டுருவங்களாக அமைந்த பானையோட்டுத் துண்டு ஒன்று அப்போதுதான் கிடைத்தது. ஆனால் அந்த அகழாய்வின் மாதிரிகளுக்குக் காலம் கணித்து, கி.மு. 905, கி.மு. 696 என்னும் முடிவுகள் வெளிவர 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடக்க வேண்டியிருந்தது. இறந்து மூவாயிரம் ஆண்டானவருக்கு இன்னொரு பதினைந்தாண்டு பெரிதில்லை என்று அலுவலகங்கள் எண்ணின போலும்.

இப்போது வேகம் மாறியிருக்கிறது. சில வேளை, தேவைக்கு மேலும் மாறியிருக்கிறதோ என்று தோன்றுகிறது. சிவகளைத் தாழிகளில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 3345 வரையிலான காலக்கணிப்பு வந்திருப்பதாக 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்தவுடன், உலகிலேயே முதலில் இரும்பை உருக்கியவன் தமிழன் என்று மேடைகள் முழங்கின. கணிப்பைச் செய்த ஆய்வகங்களின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இரும்பை உருக்கிய உலைகளிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் இதே காலத்தைக் காட்டும் சான்றுகள் சேரும்வரை பொறுத்திருப்பது ஆய்வுக்கு இழுக்கன்று. ஊர்க் கதைக்கு நாம் கேட்கும் சான்றை நம் பெருமைக்கும் கேட்கத்தான் வேண்டும்.

2025ஆம் ஆண்டின் நடுவில் இன்னொரு செய்தி வந்தது. மேடை அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கொந்தகைத் தாழிகளில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் படிமமாக்கி, இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினர். அங்கே எலும்பின் மேல் தசையும் தோலும் கணித்து முகங்களை மீட்டெடுத்தார்கள். நிறமும் முடியும் ஊகமே. மூக்கும் தாடையும் கண்குழியும் எலும்பு சொன்னபடி. படம் வெளியான நாளில் அதை வெட்டியெடுத்து, அன்று என்னிடம் தாழியைப் பற்றிப் பேசிய அந்த உறவினரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது கிழவன் இல்லையே சாமி" என்றார். பிறகு, "எங்க பெரியப்பா சாயல் இருக்கு" என்றார்.